இடது கையின் மதிப்பெண்

எண்பத்தொன்பதில் அரசு வேலையில் திருவண்ணாமலைப் பக்கம் வந்தபோது, வயிறு என்றால் எந்த வயிறும் எனக்குச் சரிதான் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. பொது அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு முடித்திருந்தேன். பெண்கள் அதிகம் எடுக்காத படிப்பு அது. வந்த வாரமே மேலதிகாரி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்க லேடி டாக்டர். குடும்பக் கட்டுப்பாடு கேம்ப் எல்லாம் நீங்களே பாத்துக்குங்க. பொம்பளைங்க கூச்சப்பட மாட்டாங்க" என்றார். பித்தப்பை, குடல், இரைப்பை எல்லாம் ஆண்கள் வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கருக்குழாய் வந்தது. அன்று கோபத்தில் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனேன். சாயங்காலம் பசித்தபோது அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

முகாம்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும். இடம் போதவில்லை என்றால் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நடக்கும். கீழ்பென்னாத்தூருக்கு ஒரு வாரம், வேறொரு கிராமத்துக்கு மறு வாரம் என்று ஜீப்பில் போவோம். தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறல், வயிற்றுக்குள் கொஞ்சம் காற்று, பிறகு பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு குழாய். அந்தக் குழாய்தான் லேப்ராஸ்கோப். அதன் பின்முனையில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு சின்ன வில்லை. அப்போது எங்களுக்குக் கேமராவும் இல்லை, டிவியும் இல்லை. இடது கையால் குழாயை அசையாமல் பிடித்து, வலது கண்ணை வில்லையில் பதித்து, இடது கண்ணை இறுக மூடி, வலது கையால் விசையை இழுத்தால் கருக்குழாயில் ஒரு ரப்பர் வளையம் போய் விழும். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அடுத்த பெண்.

வேகமாகச் செய்வேன். நன்றாகவும் செய்வேன். ஆனால் நான் நன்றாகச் செய்கிறேன் என்று சொல்ல ஆளில்லை. ஏனென்றால் குழாய்க்குள் தெரிவது என் வலது கண்ணுக்கு மட்டும்தான். என் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸுக்குத் தெரிவது என் தலையின் பின்பக்கம். அந்த நர்ஸ் இந்த ஊரிலேயே பல தலைமுறையாக இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஒரு தொண்டு அமைப்பு அவரை முகாம்களுக்கு அனுப்பிவைத்தது. நோன்பு நாளிலும் முகம் சுளிக்காமல் நிற்பார். என் கை எதைக் கேட்கும் என்று கை நீளும் முன்பே தெரிந்துகொள்வார். அப்படிப்பட்டவருக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தது எதுவும் தெரியாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பேன். பொய். நேரம் மலை மாதிரி கிடந்தது. அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு வந்து இருந்து இங்கேயே இறந்தார். பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போக மனமில்லாமல் வேலையை விட்டுவிட்டு, செங்கம் சாலையில் இருந்த ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் சேர்ந்தேன். பின்கட்டில் எனக்கு ஒரு சின்ன வீடு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த நர்ஸும் இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார்.

இங்கேதான் எனக்குப் பித்தப்பை கிடைத்தது. வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறை. அதில் இடது கை பேசும். கல்லீரலுக்குக் கீழே இடது கை விரல்களை விட்டால், கல் எங்கே, குழாய் எங்கே, ரத்தக்குழாய் எங்கே துடிக்கிறது என்று விரல்களே சொல்லிவிடும். வலது கை அதைக் கேட்டு வெட்டும். இவ்வளவு நாள் இதை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டார்களே என்று முதல் சில மாதங்கள் ஒவ்வொரு பித்தப்பையையும் வஞ்சம் தீர்க்கிற மாதிரி எடுத்தேன்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் வீடு. அங்கே ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேர் தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு நிற்போம். மயக்க மருந்து டாக்டர் தன் மாமியாரைப் பற்றி ஏதாவது சொல்வார், நர்ஸ் முகமூடிக்குள் சிரிப்பார், நான் இருவரையும் அதட்டுவேன். வேலை முடிந்து பின்கட்டுக்குப் போனால் என்னை இடிக்க ஓர் ஆள் கிடையாது. வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாத நாட்களில் நான் மனிதர்களோடு பேசுவதெல்லாம் "நாக்கை நீட்டுங்க", "எத்தனை நாளா வலி" என்ற அளவில்தான் இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் நோயாளிகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். "ஓட்டை போட்டே எடுத்துடறாங்களாமே மேடம், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாமாமே?" என்பார்கள். எடுக்கலாம், வேலூரில் செய்கிறார்கள் என்பேன். அவர்கள் எழுந்து வேலூர் பஸ் ஏறிவிடுவார்கள். நர்ஸிங் ஹோமின் முதலாளி சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர்; கெட்டவர் இல்லை, ஆனால் காலி கட்டிலைப் பார்த்தால் அவருக்கே ரத்த அழுத்தம் ஏறும். ஒருநாள் என் அறைக்கு வந்தார்.

"டாக்டரம்மா, லேப்ராஸ்கோபி செட்டு சொல்லியாச்சு. கேமரா, டிவி எல்லாம் வருது. வேலூர்லேந்து ஒருத்தரக் கூப்பிடட்டுமா, இல்ல நீங்களே பண்றீங்களா?"

"நானே பண்றேன்."

"சும்மா சொல்லக் கூடாது."

"சார், லேப்ராஸ்கோப் நான் புடிக்காததா? பித்தப்பை நான் எடுக்காததா?"

"அது சரி. ஆனா ரெண்டையும் சேத்துப் பண்ணதில்லையே." அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அடுத்த வாரம் சென்னைலேந்து ஒரு மெஷின் வருது. கம்ப்யூட்டர்லேயே ஆபரேஷன் பண்ணலாமாம், மார்க்கும் போடுமாம். அதுல பித்தப்பை பாஸ் பண்ணிட்டீங்கன்னா உங்கள ஒரு சின்ன கோர்ஸுக்கு அனுப்பறேன், வந்து பண்ணுங்க. இல்லன்னா அவருதான். அவரு வர ஆரம்பிச்சா ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் எல்லாம் அவரே பண்ணிக்குவாரு. நீங்க ஓ.பி. பாருங்க, நிம்மதியா."

அந்த 'நிம்மதியா' என்ற சொல் அன்று முழுவதும் என் காதில் ஈ மாதிரி சுற்றியது. தியேட்டர் இல்லாத நான் என்ன ஆவேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு தெம்பும் இருந்தது. லேப்ராஸ்கோப் தெரியும், பித்தப்பை தெரியும். இரண்டும் தெரிந்த கைக்கு மூன்றாவது தானாக வராதா?

மெஷின் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலுக்கு வந்தது. ஊரின் டாக்டர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்காக. மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு திரை, ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கைப்பிடியை அசைத்தால் திரையில் தெரியும் வயிற்றுக்குள் இடுக்கியும் கத்திரியும் அசையும். அதைக் கொண்டு வந்தவர் சென்னையில் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காதில் சின்னத் தோடு, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கும் பழக்கம்.

"ஒரு ஆபரேஷன்ல கை பழகிடுச்சுன்னா, அந்தப் பழக்கம் இன்னொரு ஆபரேஷனுக்கு உதவுதா, இல்லையா? அதத்தான் நாங்க பாக்கறோம்" என்றார். "எல்லாரும் மூணு வேலை பண்ணுங்க. சும்மா பொருள எடுத்து மாத்தி வைக்கிறது, கருக்குழாய், பித்தப்பை. எந்தக் கை எவ்வளவு தூரம் அலையுது, எங்க தடுமாறுதுன்னு மெஷினே கணக்கெடுத்துக்கும்."

அனுபவசாலி என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். கருக்குழாய் போட்டார்கள். நான் கைப்பிடிகளைப் பிடித்தேன், இடது கண்ணை இறுக மூடினேன், குனிந்து வலது கண்ணைக் கொண்டுபோய் இடது கைப்பிடியின் பின்னால் வைத்தேன். அங்கே வில்லை இல்லை. ஒரு கறுப்புத் திருகாணிதான் இருந்தது.

ஹால் முழுக்கச் சிரிப்பு. காது மூக்குத் தொண்டை டாக்டர், "மேடம், படம் மேல ஓடுது!" என்று கத்தினார். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். முகம் கொதித்தது. அந்தச் சிரிப்பில் நர்ஸிங் ஹோம் முதலாளியும் இருந்தார்.

நிமிர்ந்து திரையைப் பார்த்துக் கருக்குழாயை முடித்தேன். அது நன்றாகவே வந்தது. சென்னை டாக்டர் புருவத்தை உயர்த்தினார். பிறகு பித்தப்பை. இடுக்கியால் பித்தப்பையின் கழுத்தைப் பிடித்தேன். வலது கையால் குழாயைத் தேடினேன். கொழுப்பாகத் தெரிந்தது, விலக்கினேன், இன்னும் கொழுப்பு, விலக்கினேன், குழாய் ஒன்று தெரிந்தது, வெட்டினேன். திரை சிவப்பானது. வெட்டக் கூடாத முக்கியக் குழாயை வெட்டிவிட்டேன். நிஜத்தில் அப்படி வெட்டினால் அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்கக் கஷ்டம், உயிரும் போகலாம். மறுபடியும் செய்தேன், மறுபடியும் சிவப்பு. எனக்குப் பின்னால் வந்த ஒரு பல் டாக்டர், வயிற்றைப் பாடப் புத்தகத்தோடு விட்டவர், பொருளை மாற்றி வைக்கும் வேலையில் என்னைவிட அதிக மார்க் வாங்கினார். வீட்டில் மகனோடு வீடியோ கேம் ஆடுவாராம். அன்று எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பல் டாக்டரிடம் பிறகு எந்த நோயாளியையும் நான் அனுப்பவில்லை.

மறுநாளும் ஹோட்டலில் மெஷின் இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஆனால் மறுநாள் பௌர்ணமி, ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம். சென்னைக்காரர்கள் தேதியை மட்டும் பார்த்து வந்திருந்தார்கள். பௌர்ணமிக்கு ஹோட்டல்காரர் ஹாலில் பாய் விரித்து ஆள் படுக்க விடுவார். மெஷினுக்காக அதை விட்டுக்கொடுப்பாரா? "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார். வேன் டிரைவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால், கூட்டம் கூடிவிட்டால் வண்டியை வெளியே எடுக்க முடியாது என்று வேனை முன்கூட்டியே ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். கடைசியில் மெஷினை எங்கள் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கட்டி, செங்கம் சாலையில் உருட்டிக்கொண்டு வந்தோம். யாரோ ஒருவர் அதைப் பார்த்து நின்று கும்பிட்டார்.

பௌர்ணமியை ஒட்டி எங்கள் ஊரில் யாரும் முன்கூட்டி நாள் குறித்து அறுவை சிகிச்சை வைப்பதில்லை. நோயாளி வந்து சேர முடியாது, ரத்தம் வாங்கி வர முடியாது. தியேட்டர் சும்மா இருந்தது. மெஷினை அங்கேயே வைத்தோம். சென்னை டாக்டருக்கு ஊரில் எங்கும் அறை கிடைக்கவில்லை. "எங்க வீட்லயே இருங்களேன்" என்று நான் சொன்ன பிறகுதான், என் வீட்டில் யாரும் தங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்ற நினைப்பே வந்தது. அம்மாவின் கட்டிலில் இருந்த புத்தகங்களையும் பழைய மருந்து சாம்பிள்களையும் அவசர அவசரமாக வாரி அலமாரியில் திணித்தேன்.

அன்று சாயங்காலம் ரசம் வைத்தேன். இரண்டு பேருக்குப் புளி எவ்வளவு என்று கை மறந்திருந்தது. அவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். பிறகு கேட்டார்: "ஏன் மேடம் ஒரு கண்ண மூடறீங்க?"

முகாமைப் பற்றிச் சொன்னேன். குழாயைப் பற்றி, வில்லையைப் பற்றி. அவர் படித்த காலத்தில் எல்லாம் திரைதான். கண்ணை வைத்துப் பார்த்ததே இல்லையாம்.

"அப்ப நீங்க பாக்கறது வேற யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"தப்பா போச்சுன்னா?"

"அதுவும் எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். "கண்ண மூடறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல மேடம், திரை தட்டைதானே. உங்க பிரச்சினை கண்ணுல இல்ல. வாங்க, காட்டறேன்."

தியேட்டருக்குப் போனோம். மெஷினை முடுக்கி, நான் ஹோட்டலில் செய்த பித்தப்பையை எடுத்தார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. என் கைகள் போன வழி. வலது கையின் கோடு திரையெங்கும் அலைந்திருந்தது. இடது கையின் கோடு கோடாகவே இல்லை. ஒரு புள்ளி.

"உங்க இடது கை தூங்குது மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. "தூங்கல. காவல் இருக்கு" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. முகாமில் இடது கை அசையக் கூடாது. குழாய் ஒரு விரற்கடை நகர்ந்தால் குடலில் போய் இடிக்கும். இத்தனை வருடங்களாக அந்தக் கையை நான் கல்லாக்கி வைத்திருந்தேன். திறந்து செய்யும் பித்தப்பையிலோ அதே கை விரலால் தடவிப் பார்க்கும். இந்த மூன்றாவது முறையில் இரண்டுமே உதவாது. இங்கே இடது கை பித்தப்பையைப் பிடித்து இழுக்க வேண்டும், மேலே, பக்கவாட்டில், கீழே என்று மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது இழுத்தால்தான் குழாய்கள் பிரிந்து வலது கைக்கு வழி தெரியும். தொட்டு அறியவும் முடியாது. கைப்பிடியில் வெறும் காற்றுதான். எனக்குத் தெரிந்த இரண்டு வேலைகளும் சேர்ந்து மூன்றாவதற்குக் குறுக்கே நின்றன. எதுவும் தெரியாத பல் டாக்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

"இதத்தான் நான் எல்லா ஊர்லயும் பாத்துக்கிட்டு வர்றேன்" என்றார் அவர். "ஒண்ணுல கெட்டிக்காரங்க, இன்னொண்ணுல புதுசா வர்றவங்களவிட ஜாஸ்தி தடுமாறுவாங்க. கொஞ்ச நாள்தான். அப்புறம் சரியாயிடும்."

"கொஞ்ச நாள்னா?"

"நாலஞ்சு மாசம் தினமும் பண்ணா."

"எனக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்தேன். சாப்பிடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடது கையால் செய்யுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பல் துலக்கினேன், தலை வாரினேன், பூட்டைத் திறக்க முயன்று சாவியை வளைத்தேன். பிறகு பித்தப்பை, பித்தப்பை, பித்தப்பை. வெளியே செங்கம் சாலையில் வெயில் தாழத் தாழக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊரே நடக்கிற அந்த நாட்களில் நான் வழக்கமாக ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஆகாது. அன்று ஜன்னல் திறந்தே இருந்தது. சாத்த நினைவு வரவில்லை.

அவர் என் இடது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இழுங்க... விட்டுடாதீங்க... இப்ப கீழ." நான் கடுப்பில் ஒரு தடவை, "நீங்க ஏன் ஆபரேஷன் பண்ணாம இந்தப் பெட்டியோட சுத்தறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குத் தியேட்டர்னாலே ஆகாது மேடம். ஆளுங்க, சத்தம், ரத்தம். இங்க சிவப்பானா ஒரு பட்டன அழுத்திட்டு முதல்லேந்து ஆரம்பிக்கலாம்."

எனக்கு அது புரியவே இல்லை. நான் ஏங்கித் தவிக்கிற இடத்தை ஒருத்தி வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. படிப்பு முடித்த பிறகு இன்னொரு சர்ஜன் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தப்பென்றால் தப்பென்றும், சரியென்றால் சரியென்றும் சொன்ன முதல் ஆள். அதற்காகவே இன்னும் நூறு தடவை சிவப்பாக்கியிருப்பேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு தடவை வந்தது. இடது கை இழுத்தது, கொழுப்பு பிரிந்தது, இரண்டு குழாய்களும் தனித்தனியாகத் தெரிந்தன, இரண்டிலும் கிளிப் போட்டு வெட்டினேன். திரை சிவப்பாகவில்லை. பச்சையில் 'தேர்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வந்து நின்றது. அவர் கை தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை எழவில்லை, இரண்டு கைகளும் கைப்பிடியையே பிடித்துக்கொண்டிருந்தன.

உடனே இன்னொரு தடவை செய்தேன். சிவப்பு. அடுத்தது, சிவப்பு. அதற்கடுத்தது, ஏறக்குறைய வந்து கடைசியில் சிவப்பு.

"அந்த ஒண்ண மட்டும் உங்க டாக்டருக்குக் காட்டலாம் மேடம்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "அவரு கேக்கறது பாஸா பெயிலான்னுதானே. பாஸ்தானே பண்ணீங்க. கோர்ஸுக்குப் போனா அங்க கத்துக்குவீங்க."

கோர்ஸ் ஒரு வாரம். ஒரு வாரத்தில் என் இடது கையின் காவல் புத்தி போகுமா? அன்று தூங்கப் போகும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவின் கட்டிலில் ஒருத்தர் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் சாலை விடுபட்டது. வேன் வாசலுக்கு வந்துவிட்டது. முதலாளி நெற்றியில் திருநீறோடு தியேட்டர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன டாக்டரம்மா, பாஸா பெயிலா?"

சென்னை டாக்டர் என்னைப் பார்க்கவில்லை; என் கையைப் பார்த்தார். திரையில் அந்த ஒரே ஒரு பச்சை எழுத்தைத்தான் அவர் வைத்திருந்தார். முதலாளி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்துவிட்டு, "அட, பாஸே பண்ணிட்டீங்க!" என்று முகம் மலர்ந்தார்.

"ஒரு தடவதான் சார் வந்துச்சு. மத்ததெல்லாம் பெயில்" என்றேன்.

நேர்மை, அது இது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பயம். ஒரு நாள் அந்த மேஜையில் நிஜமான ஒரு மனுஷி படுத்திருப்பாள், அவளுக்குள் நான் வெட்டக் கூடாததை வெட்டுவேன், பட்டனை அழுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது. அதைத் தனியாகச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. ஏற்கெனவே தனியாகச் சுமப்பது போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் சொல்லி முடித்த அடுத்த நொடியே, வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் சில நாள் எரியும்.

"நாலஞ்சு மாசம் டைம் குடுத்தா கத்துக்குவேன்" என்றேன்.

"அவ்வளவு நாள் செட்டு சும்மா கெடக்க முடியாதும்மா" என்றார் அவர். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "வேலூர்க்காரருக்கு போன் போடறேன்."

மெஷினை வேனில் ஏற்றினார்கள். சென்னை டாக்டர் என் இரண்டு கைகளையும் பிடித்து, ஏதோ சொல்ல வந்து, "ரசம் நல்லா இருந்துச்சு மேடம்" என்று மட்டும் சொன்னார். நல்லாவே இல்லை, எனக்குத் தெரியும். வேன் திரும்பியதும் பின்கட்டுக்குப் போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஓ.பி.க்குப் போய், வரிசையில் முதலில் இருந்த கிழவரை நாக்கை நீட்டச் சொன்னேன்.

வேலூர் சர்ஜன் வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். அவர் செய்யவிருந்த முதல் பித்தப்பைக்கு இரண்டு நாள் முன்பு என் அறைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். கேமராவைப் பிடிக்க ஆள் வேண்டும். கை அசையாத ஆள். அவர் கூட்டி வரும் பையனின் கை ஆடுகிறது. "உங்களப் போய்க் கேக்கறோமேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அது அசிஸ்டென்ட் வேலைதான்."

மானம் ரோஷம் பார்க்கிறவள்தான் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, "வர்றேன்" என்றேன்.

அன்று தியேட்டரில் புதுத் திரை மேஜைக்கு எதிரே நின்றது. நோயாளி அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் ஒரு பெண். வயிற்றில் காற்று நிரப்பி, துளை போட்டு, கேமராவை என் கையில் கொடுத்தார்கள். "உள்ள போனதும் முதல்ல ஒரு சுத்துக் காட்டிடுங்க மேடம்" என்றார் சர்ஜன். எல்லா இடமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

நான் கேமராவை எனக்குப் பழகிய பக்கமே திருப்பினேன், கீழ்ப்பக்கம். திரையில் கருப்பை வந்தது, இளஞ்சிவப்பாக, பளபளவென்று. இரண்டு பக்கமும் கருக்குழாய்கள். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்ற நர்ஸ், கையில் இருந்த இடுக்கியை நீட்ட மறந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அது என்ன, ரெண்டு பக்கமும் நாடா மாதிரி?"

"கருக்குழாய்."

"இதுக்கா நாம ஊர் ஊரா போனோம்?"

"இதுக்குத்தான்."

அவர் முகமூடிக்கு மேல் தெரிந்த கண்களை என் பக்கம் திருப்பினார். "இத்தன வருஷமா நீங்க மட்டும் தனியா பாத்துக்கிட்டிருந்தீங்களா மேடம்?"

கேமராவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய், வலது குழாயை அதன் நுனிவரை காட்டினேன்.

சர்ஜன் கனைத்தார். "மேடம், பித்தப்பை மேல இருக்கு."

"தெரியும் சார். ஒரு நிமிஷம் இருங்க, இவங்க பாத்துக்கட்டும்" என்றேன்.